ட்ரைட்டன்: நார்ட்டன் சட்டகத்தில் ட்ரையம்ஃப் இன்ஜின் குடியேறிய கதை

1950களின் நடுப்பகுதியில் இங்கிலாந்தில் வேகமான மோட்டார் சைக்கிள் ஒன்றுக்கு ஆசைப்பட்ட இளைஞனுக்கு எந்தக் கடைக்குப் போனாலும் பாதி வண்டிதான் கிடைத்தது. கோவென்ட்ரிக்கு அருகே மெரிடனில் இருந்த ட்ரையம்ஃப் ஆலை விறுவிறுப்பான இரட்டைச் சிலிண்டர் இன்ஜின்களைத் தயாரித்தது. ஆனால் அவற்றைத் தாங்கிய சட்டகம் வேகமான வளைவுகளில் நெளிந்தது. பர்மிங்காமின் பிரேஸ்பிரிட்ஜ் தெருவில் இருந்த நார்ட்டன் ஆலையின் கையில் அன்றைய உலகின் மிகச் சிறந்த சட்டகம் இருந்தது. ஆனால் சாலை வண்டிகளுக்கென்று அது விற்ற இரட்டைச் சிலிண்டர் இன்ஜின் 500 சிசியிலிருந்து 600 சிசிக்கு ஏறவே 1956 வரை ஆயிற்று. இரண்டு ஆலைகளும் போட்டியாளர்கள் என்பதால் ஒன்றின் குறையை மற்றொன்றின் நிறைவால் ஈடுகட்டும் வேலை ஆலைகளுக்குள் நடக்க வழியில்லை. வீட்டுக்குப் பின்னாலிருந்த கொட்டகைகளிலும் வாடகைக் கராஜ்களிலும் ரம்பம், அரம், கைத் துரப்பணம் ஆகியவற்றோடு தனிமனிதர்கள் அதைச் செய்தார்கள். நார்ட்டன் சட்டகமும் ட்ரையம்ஃப் இன்ஜினும் சேர்ந்த அந்தக் கலப்பு வண்டிக்கு ட்ரைட்டன் என்ற பெயர் நிலைத்தது.

இந்த வண்டியைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் லண்டனின் வடக்குச் சுற்றுச் சாலையில் மோட்டார் சைக்கிள் இளைஞர்கள் கூடிய ஏஸ் கஃபே என்ற உணவகம், தோல் ஜாக்கெட், மணிக்கு 100 மைல் வேகம் என்பவற்றோடு முடிந்துவிடுகிறது. அந்தப் பண்பாடு உண்மையானது. ஆனாலும் ட்ரைட்டன் ஒரு ஃபேஷனாக இருப்பதற்கு முன்னால் ஒரு சரியான பொறியியல் விடையாக இருந்தது என்பதே என் துணிபு. நல்ல இன்ஜின், நல்ல சட்டகம் என்ற இரண்டு பெயர்களைக் காட்டிலும், அவை இரண்டுக்கும் இடையில் கட்டுபவர் செய்த வேலையே வண்டியின் தரத்தைத் தீர்மானித்தது. அந்த இடைப்பட்ட வேலையைத்தான் இங்கே விரிவாகப் பார்க்கிறேன்.

ஃபெதர்பெட் என்று அழைக்கப்பட்ட அந்தச் சட்டகத்தை நார்ட்டனின் பொறியாளர்கள் வடிவமைக்கவில்லை. பெல்ஃபாஸ்ட் நகரைச் சேர்ந்த ரெக்ஸ் மக்கேண்ட்லெஸ், குரோமி மக்கேண்ட்லெஸ் என்னும் சகோதரர்கள் அதை உருவாக்கி நார்ட்டனிடம் கொண்டுவந்தார்கள். நார்ட்டனின் பழைய பந்தயச் சட்டகம் கனமானது, வார்ப்பு இணைப்புகள் நிறைந்தது, பந்தயங்களின் நடுவே முறியவும் செய்தது. மக்கேண்ட்லெஸ் சகோதரர்களின் வடிவத்தில் இடமொன்றும் வலமொன்றுமாக இரண்டு குழாய் வளையங்கள் இருந்தன. ஒவ்வொரு குழாயும் ஸ்டீயரிங் தலைக்குழாயிலிருந்து பின்னோக்கிச் சென்று, கியர்பாக்ஸுக்குப் பின்னால் கீழிறங்கி, இன்ஜினுக்கு அடியில் முன்னோக்கி வந்து, மறுபடியும் மேலேறித் தலைக்குழாயையே அடைந்தது. அந்த இடத்தில் மேலே செல்லும் குழாய்களும் கீழிருந்து வரும் குழாய்களும் ஒன்றையொன்று குறுக்கே கடந்து தலைக்குழாயின் இரு முனைகளையும் பிடித்துக்கொண்டதால், முன்சக்கரம் தரும் முறுக்கு விசை முழுச் சட்டகத்துக்கும் பகிரப்பட்டது. பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் அச்சு இரு வளையங்களுக்கும் இடையில், இரு முனைகளிலும் பற்றவைத்த தகடுகளால் அகலமாகப் பிடிக்கப்பட்டது. நார்ட்டன் ஆலையில் இந்த வெல்டிங் வேலைக்கு வசதி இல்லாததால் ரெனால்ட்ஸ் நிறுவனம் சட்டகங்களைச் செய்து கொடுத்தது. பந்தய வண்டிகளின் சட்டகத்துக்கு ரெனால்ட்ஸ் 531 என்ற எஃகுக் கலவைக் குழாய் பயன்பட்டது, இணைப்புகள் வெண்கலக் கம்பியால் பற்றவைக்கப்பட்டன.

1950 ஏப்ரலில் டோர்செட் மாவட்டத்தின் பிளாண்ட்ஃபோர்டில் நார்ட்டன் பந்தய வீரர் ஜெஃப் டியூக் இந்தச் சட்டகத்தோடு முதல் முறையாகக் களமிறங்கி வென்றார். அதே ஆண்டு மான் தீவின் டி.டி. (டூரிஸ்ட் டிராபி) பந்தயத்தில் சீனியர், ஜூனியர் இரண்டு பிரிவுகளிலும் முதல் மூன்று இடங்களையும் நார்ட்டன் அணியே எடுத்துக்கொண்டது. பழைய சட்டகத்தோடு ஒப்பிட்டு, இது இறகு மெத்தையில் படுத்திருப்பதைப் போல இருக்கிறது என்று ஆலையின் பந்தய வீரர் ஹரால்ட் டேனியல் சொன்னதிலிருந்தே அந்தப் பெயர் வந்தது. சாலை வண்டிகளுக்கு இந்தச் சட்டகம் நார்ட்டனின் இரட்டைச் சிலிண்டர் வண்டியான டாமினேட்டர் 88 மாடலோடு வந்து சேர்ந்தது.

ட்ரையம்ஃபின் பக்கம் இதற்கு நேர்மாறானது. எட்வர்ட் டர்னர் வடிவமைத்து 1937இல் வெளிவந்த ஸ்பீட் ட்வின், பிரிட்டிஷ் இரட்டைச் சிலிண்டர் வண்டிகள் அனைத்துக்கும் வழிகாட்டியாக அமைந்தது. அது 650 சிசி தண்டர்பேர்டாகவும், பிறகு டைகர் டி110 ஆகவும், 1959ஆம் ஆண்டு மாடலாக டி120 பானவில்லாகவும் வளர்ந்தது. 71 மில்லிமீட்டர் விட்டமும் 82 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் நகரும் தூரம்) கொண்ட அந்த 649 சிசி இன்ஜினுக்கு, பானவில் வடிவத்தில், நிமிடத்துக்கு 6,500 சுழற்சியில் 46 குதிரைத்திறன் என்று ஆலை அறிவித்தது. வேக உதிரிபாகங்கள் எளிதாகக் கிடைத்தன, கையாளத் தெரிந்த மெக்கானிக்குகள் எங்கும் இருந்தார்கள். ஆனால் அந்த இன்ஜினைத் தாங்கிய சட்டகத்தில் ஸ்விங் ஆர்மின் அச்சு இருக்கைக் குழாயின் நடுவிலிருந்த ஓர் இணைப்பில் மட்டுமே தாங்கப்பட்டு, அதன் இரு முனைகளும் பிடிப்பின்றி விடப்பட்டிருந்தன. வேகமாக வளைவில் சாயும்போது பின்சக்கரம் ஒரு பக்கமும் முன்சக்கரம் வேறொரு பக்கமும் பார்க்க முற்பட்டதற்கு இது முக்கியமான காரணம். 1960இல் ட்ரையம்ஃப் கொண்டுவந்த இரட்டைக் குழாய்ச் சட்டகம் தலைக்குழாய்ப் பகுதியில் முறியத் தொடங்கியதால் அவசரமாக இன்னொரு குழாயைச் சேர்க்க வேண்டியதாயிற்று. ஃபெதர்பெட்டின் அகன்ற தகடுகளை இதன் அருகே வைத்துப் பார்த்தால், இரண்டையும் மாற்றிப் பொருத்த வேண்டும் என்ற எண்ணம் ஏன் தனித்தனியே இத்தனை பேருக்குத் தோன்றியது என்பது புரியும்.

சட்டகங்கள் கைக்கு எட்டியதற்கு ஒரு விசித்திரமான காரணமும் உண்டு. அந்தக் காலத்து 500 சிசி ஃபார்முலா 3 கார்ப் பந்தயத்தில் நார்ட்டன் மேங்ஸ் என்ற பந்தய மோட்டார் சைக்கிளின் ஒற்றைச் சிலிண்டர் இன்ஜினுக்குப் பெரும் கிராக்கி இருந்தது. நார்ட்டனோ இன்ஜினைத் தனியாக விற்க மறுத்தது. ஆகவே கார்ப் பந்தயக்காரர்கள் முழு மோட்டார் சைக்கிளை வாங்கி, இன்ஜினை மட்டும் எடுத்துக்கொண்டு, சக்கரங்களோடும் ஃபோர்க்கோடும் பிரேக்கோடும் கூடிய மிச்சத்தை விற்றார்கள். உலகின் தலைசிறந்த பந்தயச் சட்டகங்கள் இன்ஜின் இல்லாத கூடுகளாகச் சந்தைக்கு வந்தன. அவை தீர்ந்த பிறகு, விபத்துக்குள்ளான அல்லது இன்ஜின் களைத்துப்போன டாமினேட்டர்கள் அந்த இடத்தை நிரப்பின.

இந்தக் கலப்பு கைகூடியதற்கு அடிப்படையான ஓர் அமைப்பு உண்டு. அதைப் பலர் கவனிப்பதில்லை. 1962 வரை ட்ரையம்ஃபின் 650 சிசி இன்ஜினும் கியர்பாக்ஸும் தனித்தனிப் பெட்டிகளில் இருந்தன. இரண்டையும் பிரைமரி செயின் இணைத்தது. கியர்பாக்ஸை முன்னும் பின்னும் நகர்த்தியே அந்தச் செயினின் இறுக்கத்தைச் சரிசெய்தார்கள். ஆகவே ட்ரையம்ஃப் இன்ஜினோடு ட்ரையம்ஃப் கியர்பாக்ஸையே வைப்பதா, சட்டகத்தோடு வந்த நார்ட்டன் கியர்பாக்ஸை வைப்பதா என்ற தேர்வு கட்டுபவரிடம் இருந்தது. நார்ட்டன் கியர்பாக்ஸ் சட்டகத்தில் தன் இடத்திலேயே பொருந்தும், பின்செயினின் கோடும் கெடாது; ஆனால் ட்ரையம்ஃபின் அலுமினியச் செயின் உறை அந்த இடைவெளிக்கு ஒத்துவராது, புது உறை செய்ய வேண்டும். ட்ரையம்ஃப் கியர்பாக்ஸை எடுத்துக்கொண்டால் உறை பொருந்தும், ஆனால் அதைத் தாங்கும் தகடுகள் அனைத்தையும் புதிதாக வெட்ட வேண்டும். இரண்டில் ஒன்று மட்டுமே சரி என்று நான் சொல்ல மாட்டேன்; கையில் இருக்கும் பாகங்களையும் கருவிகளையும் பொறுத்தது அது.

வேலை சட்டகத்தைச் சோதிப்பதில் தொடங்குகிறது. வாங்கிய சட்டகம் ஏற்கெனவே விழுந்து எழுந்ததாக இருக்கலாம். தலைக்குழாயின் வழியாக நேரான ஒரு தண்டைச் செலுத்தி, அது ஸ்விங் ஆர்மின் அச்சுக்குச் செங்குத்தான தளத்தில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். சக்கரங்களை மாட்டி, இருபுறமும் நூல் கட்டி, இரண்டும் ஒரே கோட்டில் ஓடுகின்றனவா என்று அளக்க வேண்டும். பெயின்டைச் சுரண்டி, யாரோ பிற்காலத்தில் ஒட்டிய வெல்டிங் இருக்கிறதா என்று தேட வேண்டும். வளைந்த சட்டகத்தில் எவ்வளவு நேர்த்தியாக இன்ஜினைப் பொருத்தினாலும் ஃபெதர்பெட்டின் பயன் கிடைக்காது. எந்தக் காரணத்துக்காகவும் முக்கியக் குழாய்களில் துளையிடக் கூடாது. அந்தச் சட்டகத்தின் உறுதி முழுவதும் அறுபடாத வளையங்களில்தான் இருக்கிறது.

அடுத்தது இன்ஜினின் இடம். உள்பாகங்கள் அனைத்தையும் கழற்றிய வெறும் கிராங்க் பெட்டியை (இன்ஜினின் அடிப்பகுதிக் கூடு) மரக்கட்டைகளின் மேல் வைத்துச் சட்டகத்துக்குள் நகர்த்திப் பார்ப்பதே அன்றும் இன்றும் வழக்கம்; முழு இன்ஜினின் எடையோடு மில்லிமீட்டர் கணக்கில் நகர்த்த முடியாது. முதலில் பின்சக்கரத்தின் ஸ்ப்ராக்கெட்டையும் (செயின் ஓடும் பல்சக்கரம்) கியர்பாக்ஸின் ஸ்ப்ராக்கெட்டையும் நேர்கோட்டில் கொண்டுவந்து நிறுத்தி, அதை மாற்றக் கூடாத கோடாக வைத்துக்கொண்டு, கிளட்ச்சின் ஸ்ப்ராக்கெட்டுக்கு நேராக இன்ஜின் ஸ்ப்ராக்கெட் வரும்வரை கிராங்க் பெட்டியைப் பக்கவாட்டில் நகர்த்த வேண்டும். இன்ஜின் சட்டகத்தின் நடுவே அழகாக இருக்கிறதா என்று பார்த்துப் பொருத்திய வண்டிகள் செயினைத் தின்றன. பக்கவாட்டு இடம் முடிவானபின், இயன்ற அளவுக்கு முன்னேயும் தாழ்வாகவும் கொண்டுபோக வேண்டும், ஏனென்றால் முன்சக்கரத்தின் மேல் எடை இருந்தால்தான் இந்தச் சட்டகம் தன் குணத்தைக் காட்டும். அதற்கு எல்லை வகுப்பவை சில: பழைய ட்ரையம்ஃப் இன்ஜினின் முன்பக்கத்தில் டைனமோ இருக்கிறது, அது முன் தகடுகளோடு இடிக்கக் கூடாது, சிலிண்டர்களுக்குப் பின்னால் தீப்பொறிக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோ இருக்கிறது, அதற்கும் கியர்பாக்ஸுக்கும் இடையே கைவிரல் நுழைய வழி வேண்டும், மேலே ராக்கர் பெட்டிகளைத் திறந்து வால்வு இடைவெளியைச் சரிசெய்ய இடம் வேண்டும். இந்த மூன்றையும் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், சின்ன வேலை ஒவ்வொன்றுக்கும் இன்ஜினைக் கீழே இறக்க நேரும்.

இன்ஜினின் இடம் உறுதியானதும் அட்டையிலோ மெல்லிய பலகையிலோ மாதிரி வெட்டி, துளைகளின் இடத்தைக் குறித்து, பிறகு கால் அங்குல அலுமினியக் கலவைத் தகட்டில் தாங்கு தகடுகளை வெட்டுவார்கள். இதற்குப் பெரிய இயந்திரம் தேவையில்லை. ரம்பமும் அரமும் பொறுமையும் போதும். ஆனால் துளைகள் மட்டும் துல்லியமாக இருக்க வேண்டும். முழு அளவுக்கு முன்னரே துரப்பணத்தை நிறுத்தி, ரீமர் என்ற துளை அகற்றும் கருவியால் இறுதி அளவுக்குக் கொண்டுவந்து, போல்ட் கையால் அழுத்தி நுழையும் அளவுக்கு விட்டால், தகடும் கிராங்க் பெட்டியும் சட்டகமும் ஒரே உடலாகும். தளர்வான துளையில் போல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும், ஓட்டத்தில் தகடு நுண்ணிய அளவில் உராய்ந்து உராய்ந்து துளையை நீள்வட்டமாக்கிவிடும். அதற்குப் பிறகு கிராங்க் பெட்டியின் காதுகள் (போல்ட் நுழையும் பிடிப்புகள்) உடைவது காலத்தின் விஷயம். சிலிண்டர் தலையிலிருந்து சட்டகத்தின் மேல்பகுதிக்குச் செல்லும் சிறிய பிடிப்புத் தகட்டை அலங்காரமென்று நினைத்து விட்டவர்களுக்கும் இதே கதிதான்.

அதிர்வைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ட்ரைட்டனின் பெயரைக் கெடுத்தது இதுதான். ட்ரையம்ஃப் இன்ஜினில் இரண்டு பிஸ்டன்களும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குகின்றன. பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க்ஷாஃப்ட்டில் எதிர் எடையைச் சேர்த்து இந்த மேல்கீழ் விசையில் ஒரு பகுதியை ஈடுகட்டலாம். ஆனால் சேர்க்கும் எடை தன் பங்குக்கு முன்பின்னாக ஓர் உதறலை உண்டாக்கும். ஆகவே பிஸ்டன் தரப்பின் எடையில் எத்தனை சதவீதத்தை ஈடுகட்டுவது என்பது, அதிர்வை எந்தத் திசைக்கு அனுப்புவது என்ற முடிவே தவிர, அதை ஒழிக்கும் வழியல்ல. ட்ரையம்ஃப் ஆலை தன் சட்டகத்துக்கு ஏற்ப ஒரு சதவீதத்தைத் தேர்ந்திருந்தது. விறைப்பான ஃபெதர்பெட்டுக்கும் அதுவே ஒத்துவரும் என்று எண்ணியவர்களின் கைகள் மரத்துப்போயின, பெட்ரோல் டேங்குகள் விரிசல் விட்டன. அக்கறையோடு கட்டியவர்கள் கிராங்க்ஷாஃப்ட்டை வெளியே எடுத்து, மட்டம் பார்த்து நிறுத்திய இரண்டு கூரிய எஃகு விளிம்புகளின் மேல் கிடத்தி, கணக்கிட்ட எடையைக் கிராங்க் முள்ளில் (பிஸ்டன் கம்பி இணையும் இடம்) மாட்டி, எந்த நிலையிலும் உருளாமல் நிற்கும்வரை உலோகத்தைத் துளைத்து எடுத்தார்கள். வீட்டு மேசையில் செய்யக்கூடிய வேலை இது. என் பார்வையில் ஒரு ட்ரைட்டனைக் கட்டியவர் யார் என்பதை, மினுமினுக்கும் டேங்க்கைக் காட்டிலும், இந்த ஒரு வேலையைச் செய்தாரா இல்லையா என்பதே சொல்லிவிடும்.

அதிர்வுக்கு எதிராக எண்ணெய்த் தொட்டியையும் பெட்ரோல் டேங்க்கையும் ரப்பரின் மேல் உட்காரவைக்க வேண்டும். இன்ஜினுக்கு எண்ணெய் தனித் தொட்டியிலிருந்து வருவதால், அந்தக் குழாய் எங்கும் மடங்கிச் சுருங்காமல் செல்ல வேண்டும்.

இத்தனையும் சரியாக அமைந்தால் கிடைக்கும் வண்டி எப்படிப்பட்டது என்பதற்குப் பந்தயச் சான்று இருக்கிறது. லண்டனில் ட்ரெஸ்டா நிறுவனத்தை நடத்திய டேவ் டீகன்ஸ், தானே கட்டிய 650 சிசி ட்ரைட்டனில், ரெக்ஸ் புட்சரோடு மாறி மாறி ஓட்டி, 1965இல் பார்சிலோனாவின் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றார். மோன்ட்யூயிக் குன்றின் தெருக்களில் நடந்த அந்தப் பந்தயம் ஏற்றமும் இறக்கமும் வளைவுமாகவே இருக்கும். நேர்கோட்டு வேகத்தைவிடச் சட்டகமும் பிரேக்கும் அங்கே அதிகம் பேசும். ஒரு பகலும் ஒரு இரவும் ஓடிய பிறகும் தகடுகளும் போல்ட்டுகளும் பிடியை விடாமல் இருந்தன என்பதே அந்த வெற்றியில் எனக்கு முக்கியமாகப்படுகிறது. வெவ்வேறு ஆலைகளின் பாகங்களைச் சேர்த்த வண்டி நீண்ட ஓட்டத்துக்கு உதவாது என்று சொன்னவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் தேவையில்லை.

இருந்தாலும் இந்த ஆய்வில் மறைக்கக் கூடாத மறுபக்கம் ஒன்று உண்டு. ட்ரைட்டனின் பொறியியல் தேவை பலரும் நினைப்பதைவிடக் குறுகிய காலமே நீடித்தது. 1962இல் நார்ட்டனே 650 எஸ்எஸ் என்ற வண்டியை ஃபெதர்பெட் சட்டகத்தில் வெளியிட்டது. அந்த வண்டி இங்கிலாந்தின் த்ரக்ஸ்டன் 500 மைல் பந்தயத்தை 1962, 1963, 1964 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் வென்றது. நல்ல சட்டகமும் வலுவான 650 சிசி இன்ஜினும் ஒரே கடையில், ஒரே உத்தரவாதத்தோடு கிடைத்தன. ட்ரையம்ஃபும் சும்மா இருக்கவில்லை. நார்ட்டனிலிருந்து வந்த பொறியாளர் டக் ஹீல் பானவில்லின் சட்டகத்தைப் படிப்படியாகத் திருத்தினார். 1963 மாடலிலிருந்து இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே பெட்டிக்குள் வந்தன. 1967இல் டி.டி. பந்தயத்தில் சாலை வண்டிகளுக்கென்று தொடங்கிய பிரிவை ஜான் ஹார்ட்டில் பானவில்லில் வென்றார். 1969இல் மால்கம் அப்ஹில் அதே மாடலில் மணிக்கு 100 மைலுக்கு மேலான சுற்றை ஓட்டினார். ஆலையிலிருந்து வந்த ட்ரையம்ஃப் இவ்வளவு செய்தபின், சட்டகத்தை மாற்றுவதற்கு முதலில் இருந்த காரணம் பெருமளவு கரைந்துவிட்டது. ஒரே பெட்டியிலான இன்ஜினையும் ஃபெதர்பெட்டில் பொருத்த முடியும், பலர் பொருத்தினார்கள். ஆனால் பழைய இன்ஜினில் கியர்பாக்ஸின் இடத்தைத் தனியாகத் தேர்ந்துகொள்ள இருந்த சுதந்திரம் அதில் இல்லை, பின்செயினின் கோட்டுக்கு முழு இன்ஜினையும் நகர்த்தியாக வேண்டும்.

நார்ட்டனுக்கும் ஃபெதர்பெட் ஒரு கட்டத்தில் சுமையாயிற்று. இன்ஜினை 750 சிசிக்குப் பெருக்கி அட்லஸ் என்று விற்றபோது, விறைப்பான அதே சட்டகம் அதிர்வு முழுவதையும் ஓட்டுநருக்குக் கடத்தியது. 1967இல் அறிமுகமான கமாண்டோவில் நார்ட்டன் ஃபெதர்பெட்டைக் கைவிட்டு, இன்ஜினையும் கியர்பாக்ஸையும் ஸ்விங் ஆர்மையும் ஒரே தொகுதியாக ரப்பர் பிடிப்புகளில் தொங்கவிட்டது. கொட்டகைகளில் கிராங்க்ஷாஃப்ட்டைத் துளைத்துக்கொண்டிருந்தவர்கள் எந்தச் சிக்கலோடு போராடினார்களோ, அதே சிக்கலுக்கு ஆலை கண்ட தீர்வு இது.

இன்று ட்ரைட்டன் கட்ட விரும்புகிறவருக்குச் சில வசதிகள் கூடியிருக்கின்றன. தாங்கு தகடுகள் ஆயத்தமாகக் கிடைக்கின்றன; பிரைமரி செயினுக்குப் பதிலாகப் பல் பெல்ட்டும் உலர் கிளட்ச்சும் போட்டால் செயின் உறையைப் பற்றிய பழைய தலைவலி பெரிதும் குறைகிறது; மின்னணு இக்னிஷன் மேக்னெட்டோவின் இடத்தை விடுவிக்கிறது. ஆனால் ஆயத்தத் தகடுகளை வாங்கினாலும் செயின் கோட்டை நீங்களே அளக்க வேண்டும், ஏனென்றால் அறுபது ஆண்டுகளில் உங்கள் சட்டகத்துக்கு என்ன நேர்ந்திருக்கும் என்று தகடு வெட்டியவருக்குத் தெரியாது. இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். முழுமையாகவும் ஓடும் நிலையிலும் உள்ள டாமினேட்டரையோ பானவில்லையோ இதற்காகப் பிரிக்காதீர்கள். அந்த நாளில் பிரிக்கப்பட்டவை அநேகமாக உடைந்தவை அல்லது கழிக்கப்பட்டவை. இன்று எஞ்சியிருக்கும் அசல் வண்டிகள் குறைவு. ஃபெதர்பெட்டைப் பார்த்துப் புதிதாகச் செய்யப்படும் சட்டகங்கள் கிடைக்கின்றன, தனியாகக் கிடக்கும் பழைய ட்ரையம்ஃப் இன்ஜின்களும் கிடைக்கின்றன. அவற்றிலிருந்து தொடங்குங்கள், சட்டகம் புதிதானாலும் நூல் கட்டி அளந்த பிறகே முதல் தகட்டை வெட்டுங்கள்.